ஐ-9 போதுமா, இ-வெரிஃபையிலும் சேர வேண்டுமா? அமெரிக்காவில் ஆள் சேர்க்கும் சிறு முதலாளிகளுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் மளிகைக் கடை, உணவகம், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஐடி கம்பெனி என்று சொந்தத் தொழில் நடத்தும் தமிழர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது. புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது, அவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு என்பதைக் குறிக்கும் ஐ-9 படிவத்தை நிரப்பி வைத்தால் போதுமா, அரசின் இ-வெரிஃபை இணையதளத்திலும் பதிந்து அதைச் சரிபார்க்க வேண்டுமா? பக்கத்துக் கடைக்காரர் ஒன்று சொல்வார், கணக்கு எழுதுபவர் வேறொன்று சொல்வார். இரண்டுமே சரியாக இருக்கலாம். நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள், யாரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதற்கு ஏற்ப விடை மாறும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் கட்டாயப்படுத்தும் மாநிலத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, சேர்ந்தே ஆக வேண்டும். கட்டாயம் இல்லாத இடத்தில் குடிவரவு அதிகாரிகளின் ரெய்டு பயத்துக்காக மட்டும் சேராதீர்கள். அந்தப் பயம் இதனால் தீராது. ஸ்டெம் ஓபிடி மாணவர்களை (அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு முடித்து மாணவர் விசாவிலேயே வேலை செய்பவர்களை) எடுப்பவர்களும், வேறு ஊர்களில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆட்களை எடுப்பவர்களும் சேர்ந்தால் பலன் உண்டு. சேருகிற எவரும், 'விவரம் பொருந்தவில்லை' என்று திரையில் வரும் நாளில் அந்த ஊழியரை எப்படி நடத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். நம் பெயர்கள் அந்தத் திரையில் படும் பாடு அப்படி.

எல்லோருக்கும் பொதுவான ஐ-9

1986 நவம்பர் 6 அன்று ரீகன் கையெழுத்திட்ட குடிவரவுச் சீர்திருத்தச் சட்டத்தில் இருந்து கதை தொடங்குகிறது. வேலை செய்ய அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வைப்பது அன்று முதல் குற்றம். அதற்குப் பிறகு வேலைக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐ-9 படிவம் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும், உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறினால் படிவம் கட்டாயம். ஒரே ஒரு ஆள் வைத்திருக்கும் கடைக்கும் இதே விதிதான்.

முதல் பகுதியை ஊழியர் தன் முதல் வேலை நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதியை முதலாளி, அந்த நாளில் இருந்து மூன்று வேலை நாட்களுக்குள், ஆவணங்களைப் பார்த்து நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இஏடி கார்டு (வேலை அனுமதி அட்டை) போன்ற 'ஏ' பட்டியல் ஆவணம் ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் ஓட்டுநர் உரிமம் மாதிரி 'பி' பட்டியலில் ஒன்றும், சோஷியல் செக்யூரிட்டி கார்டு மாதிரி 'சி' பட்டியலில் ஒன்றும் தேவை. எதைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். 'கிரீன் கார்டைக் கொண்டு வா' என்று குறிப்பிட்டுக் கேட்பது பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீறுவதாகும். நம் கடைகளில் சர்வ சாதாரணமாக நடக்கும் தப்பு இது. நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் நீதித் துறையிடம் புகார் போகலாம்.

நிரப்பிய படிவத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுகள், வேலையை விட்ட நாளில் இருந்து ஓராண்டு, இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருந்தால் போதும். அதிகாரிகள் ஆய்வு நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. படிவத்தை நிரப்புவதில் செய்யும் பிழைகளுக்கே படிவம் ஒன்றுக்கு ஏறக்குறைய 280 டாலரில் தொடங்கி 2,800 டாலர் வரை அபராதம் போகும்; ஆண்டுதோறும் தொகையை ஏற்றுகிறார்கள். பத்து ஊழியர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இ-வெரிஃபை இதன் மேல் கட்டப்பட்ட மாடி. ஐ-9 இல்லாமல் அது இல்லை. 1996-ல் வந்த சட்டத்தின்படி 1997-ல் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, இல்லினாய், நியூயார்க், டெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. பிறகு எல்லா மாநிலங்களுக்கும் விரிந்து 2007-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஐ-9 விவரங்களை இணையத்தில் ஏற்றினால், சோஷியல் செக்யூரிட்டி பதிவுகளோடும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பதில் சொல்லும். கட்டணம் கிடையாது. சுமார் 98 விழுக்காட்டினருக்கு உடனடியாக 'வேலை செய்ய அனுமதி உண்டு' என்று வந்துவிடுகிறது.

மாநிலங்கள் உரிமத்தைப் பிடித்த கதை

குடிவரவு ஃபெடரல் அரசின் கையில் இருக்கும்போது மாநிலங்கள் எப்படி உள்ளே வந்தன? 1986 சட்டம், அனுமதியில்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு மாநிலங்கள் தனியாகத் தண்டனை விதிக்கக் கூடாது என்று தடுத்தது. ஆனால் தொழில் உரிமம் தொடர்பான சட்டங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. அரிசோனா அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டது. 2007-ல் ஆளுநர் ஜேனட் நபோலிடானோ கையெழுத்திட்டு, 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் எல்லா முதலாளிகளையும் இ-வெரிஃபைக்குள் கொண்டுவந்தது. தெரிந்தே தப்பு செய்தால் முதல் முறை உரிமம் இடைநிறுத்தம், இரண்டாம் முறை அந்த இடத்தின் உரிமம் நிரந்தரமாக ரத்து. அமெரிக்க வணிகச் சபை வழக்குப் போட்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அரிசோனா பக்கம் தீர்ப்பளித்தது.

கதவு திறந்தது அப்போதுதான். அதே 2011-ல் அலபாமா, ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. பல மாநிலங்களில் தண்டனை அபராதத்தோடு நிற்காமல் உரிமத்தின் மேல் பாய்வதற்குக் காரணம் அந்த விலக்குதான். கடைக்காரருக்கு இதன் பொருள் தெளிவு: ஆயிரம் டாலர் போனால் சம்பாதித்துவிடலாம், கடையின் உரிமம் போனால் பிழைப்பே போகும்.

மாநிலங்களுக்கு இடையே வேறுபாடு பெரிது. அரிசோனா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகியவற்றில் எண்ணிக்கை பார்க்காமல் தனியார் முதலாளிகள் எல்லோருமே இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஜார்ஜியாவில் பத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் கட்டாயம். வாரம் 35 மணி நேரமாவது வேலை செய்பவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அங்கே தொழில் உரிமம் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், அதனால் அட்லாண்டா பக்கம் கடை வைத்திருப்பவர்களால் இந்த விஷயத்தை மறந்துவிட்டு இருக்க முடியாது. வட கரோலினாவில் 25 பேர். டென்னசியில் எல்லைக்கோடு முதலில் 50 பேராக இருந்தது, 2023 ஜனவரியில் 35 ஆனது; அதற்குக் கீழே, ஆறு முதல் 34 பேர் வரை வைத்திருப்பவர்கள் இ-வெரிஃபை செய்யலாம், அல்லது குறிப்பிட்ட ஆவணங்களின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். லூசியானாவும் தனியார் முதலாளிகளுக்கு இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

ஃபுளோரிடா தாமதமாக வந்தாலும் கடுமையாக வந்தது. 2023 ஜூலை 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம்.  24 மாதங்களுக்குள் மூன்று முறை தவறினால் சரிசெய்யும் வரை நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம், அதோடு உரிம இடைநிறுத்தமும் வரும். பென்சில்வேனியா கட்டுமானத் தொழிலை மட்டும் குறிவைத்தது. 2020 அக்டோபரில் இருந்து அங்கே கட்டுமான நிறுவனங்களுக்கு இது கட்டாயம். வேறு பல மாநிலங்கள் அரசு வேலைகளையும் அரசு ஒப்பந்தக்காரர்களையும் மட்டும் கேட்கின்றன.

எதிர்ப் பக்கத்தில் கலிஃபோர்னியாவும் இல்லினாயும் நிற்கின்றன. கலிஃபோர்னியாவில் நகராட்சிகள் முதலாளிகளை இ-வெரிஃபை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2011-லேயே சட்டம் போட்டார்கள். 2016-ல் இருந்து, வேலை தருவதாக இன்னும் உறுதி சொல்லப்படாத விண்ணப்பதாரர்கள் மேலோ ஏற்கெனவே இருக்கும் ஊழியர்கள் மேலோ அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம். இல்லினாய் ஒரு கட்டத்தில் தன் முதலாளிகள் சேர்வதையே தடுக்கப் பார்த்தது. 2009-ல் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது அங்கே சேரலாம், ஆனால் பயிற்சி பெற்றதாகவும் விதிகளைப் பின்பற்றுவதாகவும் உறுதி எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் நிறைய பேர் வாழும் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் சாதாரணத் தனியார் கடைக்கோ கம்பெனிக்கோ பொதுவான கட்டாயம் இல்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி உண்மையில் அங்கே இருப்பவர்களுக்கும், ஜார்ஜியாவில் ஏழு பேரோடு நடத்துபவருக்கும், ஃபுளோரிடாவில் பதினெட்டுப் பேர் வைத்திருப்பவருக்கும்தான். எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் உங்கள் மாநிலத் தொழிலாளர் துறையின் பக்கத்தைப் பாருங்கள். டென்னசியில் நடந்தது போல எண்ணிக்கை கீழே இறங்கத்தான் செய்கிறது.

கையில் இருக்கும் வழிகள்

கட்டாயம் இல்லாதவருக்கு முதல் வழி, ஐ-9 மட்டும் போட்டு அதை ஒழுங்காகப் போடுவது. செலவில்லை, ஒப்பந்தம் இல்லை. ஆனால் ஆவணங்களை நேரில், கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். டாலஸில் இருக்கும் நீங்கள் ராலியில் இருந்து வேலை செய்யப் போகும் ஒருவரை எடுத்தால், அங்கே உங்கள் சார்பில் யாராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் செய்யும் பிழைக்கும் பொறுப்பு நீங்கள்தான்.

இரண்டாவது, நீங்களே இ-வெரிஃபையில் பதிவது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பாடத்தைப் படித்து, சிறு தேர்வில் தேற வேண்டும். பிறகு அந்த வேலையிடத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும், அவர் சம்பளத்துக்கு வேலை தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் கேஸ் திறக்க வேண்டும், அதாவது அவர் விவரத்தைத் தளத்தில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். 'இவர் மேல் சந்தேகம் இருக்கிறது, இவருக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்' என்பது கூடாது. வேலை உறுதியாகும் முன் ஆள் தேர்வுக்காகப் போட்டுப் பார்ப்பதும் கூடாது. பழைய ஊழியர்களைப் போட்டுப் பார்ப்பதும் கூடாது; குறிப்பிட்ட ஃபெடரல் ஒப்பந்தங்கள் எடுத்தவர்களுக்கு மட்டும் 2009 செப்டம்பரில் இருந்து அதில் விலக்கு. இ-வெரிஃபையில் இருப்பதை அறிவிக்கும் சுவரொட்டிகளை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.

இதற்குப் பதிலாகக் கிடைக்கும் பெரிய சலுகை, 2023 ஆகஸ்ட் 1 முதல் வந்த மாற்று முறை. இ-வெரிஃபையில் நல்ல முறையில் இருக்கும் முதலாளி, ஆவணங்களின் இரு பக்க நகலை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு நேரலை வீடியோ அழைப்பில் அசலைப் பார்த்து ஐ-9-ஐ முடிக்கலாம். இந்த முறையில் முடித்ததைக் குறிக்கும் கட்டத்தைப் படிவத்தில் டிக் செய்ய வேண்டும். ஆட்கள் ஐந்து மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் ஐடி கம்பெனிக்கு இது ஒன்றே சேர்வதற்குப் போதுமான காரணம். ஒரே தெருவில் இருக்கும் உணவகத்துக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது, ஏஜென்ட் வழியாகச் செய்வது. பே ரோல் நிறுவனங்கள் பலவும் ஐ-9 மென்பொருள் விற்கும் நிறுவனங்களும் 'இ-வெரிஃபை ஏஜென்ட்' ஆக இருக்கின்றன. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கேஸ் திறப்பது, நாள் தவறாமல் பார்ப்பது எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். ஆண்டுக்கு மூன்று பேரைச் சேர்ப்பவருக்கு இது வீண் செலவு. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில், அதிலும் இரண்டு மூன்று மாநிலங்களில் கிளை இருந்தால், கொடுக்கும் காசுக்குத் தகும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஏஜென்ட் நாள் தவறினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். அலபாமாவில் 25 பேர் வரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மாநில அரசே ஏஜென்டாக நின்று இலவசமாகச் செய்துதரும் ஏற்பாட்டை 2011 சட்டத்திலேயே எழுதினார்கள். சிறு கடைக்காரரின் நிலைமையை நினைத்து எழுதிய நல்ல விதி அது. மற்ற மாநிலங்களும் இதைச் செய்திருக்க வேண்டும்.

நான்காவதாக ஒரு 'வழி' பேச்சில் அடிபடும்: ஊழியராகச் சேர்க்காமல் 1099 என்ற வரிப் படிவத்தைக் கொடுத்து ஒப்பந்தக்காரர் என்று காட்டிவிடுவது. உண்மையான ஒப்பந்தக்காரருக்கு ஐ-9 தேவையில்லை என்பது சரி. ஆனால் உங்கள் நேரத்துக்கு வந்து, நீங்கள் சொல்வதை, உங்கள் அடுப்பில் செய்பவர் ஒப்பந்தக்காரர் ஆக மாட்டார். அரிசோனா சட்டத்தின் விளைவை ஆராய்ந்து கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பலர் முறையான வேலையில் இருந்து சுயதொழில் என்ற பெயருக்குத் தள்ளப்பட்டது தெரிந்தது. அப்படித் தள்ளப்படுபவருக்கு ஓவர்டைம் இல்லை, வேலையில் அடிபட்டால் காப்பீடும் இல்லை. உங்களுக்கோ வரித் துறையில் இருந்தும் தொழிலாளர் துறையில் இருந்தும் பிரச்சினை. இதை ஒரு வழியாகவே நினைக்காதீர்கள்.

ரெய்டு பயத்துக்கு இது எவ்வளவு தூரம் உதவும்

'இ-வெரிஃபையில் இருந்தால் நம்மைத் தொட மாட்டார்கள்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சட்டத்தில் அதற்கு ஓர் ஆதாரம் உண்டு: அதில் உறுதி பெற்ற ஊழியர் விஷயத்தில், முதலாளி தெரிந்தே தப்பு செய்யவில்லை என்று முதற்கட்டமாக எடுத்துக்கொள்வார்கள். எதிர்ச் சான்று வந்தால் அந்த அனுமானம் உடையும். ஐ-9 பிழைகளுக்கான அபராதத்தில் இருந்தும் அது காப்பாற்றாது.

ஆலைக்குள் அதிகாரிகள் வராமல் அது தடுப்பதும் இல்லை. இறைச்சி நிறுவனமான ஸ்விஃப்ட், 1997-ல் சோதனைத் திட்டம் தொடங்கியதில் இருந்தே அதில் இருந்தது. 2006 டிசம்பர் 12 அன்று அதன் ஆறு ஆலைகளில் ஒரே நாளில் சோதனை நடந்து சுமார் 1,300 பேர் கைதானார்கள். 2025 ஜூனில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் கிளென் வேலி ஃபுட்ஸ் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டபோதும், தாங்கள் இ-வெரிஃபை பயன்படுத்தி வந்ததாகத்தான் நிறுவனம் சொன்னது. காரணம் எளிது. ஒருவர் வேறொருவரின் உண்மையான பெயரையும் எண்ணையும் கொண்டு வந்தால், அந்த எண் பதிவில் சரியாகவே இருக்கும், கணினியும் 'சரி' என்றே சொல்லும். அரசுக்காக வெஸ்டாட் நிறுவனம் 2009-ல் தந்த மதிப்பீட்டில், அனுமதியில்லாத தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை இத்திட்டம் தவறாக அனுமதித்துவிட்டதாக வந்தது. அதற்குப் பிறகு புகைப்படத்தை ஒப்பிடும் வசதியை விரிவாக்கினார்கள். ஆனாலும் அடிப்படை ஓட்டை அடையவில்லை.

இன்னொரு பலவீனம், இது ஃபெடரல் பட்ஜெட்டோடு கட்டுண்டது. 2018 டிசம்பர் கடைசியில் அரசு முடங்கியபோது ஒரு மாதத்துக்கும் மேல் இ-வெரிஃபை வேலை செய்யவில்லை. 2025 அக்டோபர் முடக்கத்தின் தொடக்கத்திலும் நின்றது. அப்படிப்பட்ட நாட்களிலும் ஐ-9 நாள் தவறாமல் போட்டாக வேண்டும். தளம் இயங்காததைத் திரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபுளோரிடா சட்டம் அப்படிச் சான்று வைத்திருக்கச் சொல்கிறது.

பெயர் பொருந்தவில்லை என்றால்

98 விழுக்காடு போக மிச்சம் இருப்பவர்களில் உண்மையிலேயே அனுமதி இல்லாதவர்களும் உண்டு, எல்லாம் சரியாக வைத்திருந்தும் பதிவுகளின் குழப்பத்தால் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் பிறந்தவர்கள் இங்கே பிறந்தவர்களை விட அதிகமாக மாட்டுகிறார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடுகளே காட்டியிருக்கின்றன. குடியுரிமை வாங்கிய பிறகு சோஷியல் செக்யூரிட்டி பதிவைப் புதுப்பிக்காதவர்கள், திருமணத்தில் பெயர் மாற்றியவர்கள் இதில் நிறைய.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ அதன் முதலெழுத்தோதான். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டு இரண்டையும் இடுபெயர் இடத்தில் எழுதியிருப்பார்கள். அமெரிக்க விசாவில் அது அப்படியே குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், இடுபெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்து உட்காரும். பிறகு ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் இன்னொரு மாதிரி. ஒரே ஆளுக்கு நான்கு ஆவணங்களில் மூன்று பெயர் வடிவங்கள். ஐ-9 படிவத்தின் வழிகாட்டுதல் இதற்குத் தெளிவாகவே சொல்கிறது: ஒரே பெயர் உள்ளவர் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதல் பெயர்க் கட்டத்தில் 'அன்னோன்' என்று எழுத வேண்டும். 'எஃப்என்யூ' என்று எழுதக் கூடாது. இது தெரியாமல் அவசரத்தில் தட்டச்சு செய்து, ஒழுங்கான ஆளுக்கே சிக்கலை உண்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். கேஸ் திறக்கும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் ஊழியரையே பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அப்படியும் 'பொருந்தவில்லை' என்று வந்தால் அது முடிவு அல்ல, இடைக்கால பதில்தான். பத்து ஃபெடரல் வேலை நாட்களுக்குள் ஊழியரைத் தனியாக அழைத்து, திட்டம் தரும் அறிவிப்பைக் கொடுத்து விளக்க வேண்டும். அதை எதிர்த்து நடவடிக்கை எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். எடுப்பதாகச் சொன்னால் நீங்கள் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு, எட்டு ஃபெடரல் வேலை நாட்களுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போகவோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைத் தொடர்புகொள்ளவோ வேண்டும். அந்த நாட்களில் அவரை வேலையில் இருந்து நிறுத்தக் கூடாது, மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது, சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, பயிற்சியைத் தள்ளிப் போடவும் கூடாது. இறுதி மறுப்பு வந்தால்தான், அல்லது நடவடிக்கை எடுக்கப் போவதில்லை என்று அவரே சொன்னால்தான் வேலையை முடிக்கலாம்.

இதைக் கட்டாயம் நினைவில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், நடைமுறையில் பல இடங்களில் முதல் திரையைப் பார்த்ததுமே 'நாளைக்கு வராதே' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஊழியருக்குத் தனக்கு உரிமை இருப்பதே தெரியாது. விசாவை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு வார வேலை நிறுத்தம் என்பது எவ்வளவு பெரிய அடி என்று, அதே பாதையில் வந்த நம்மவர்களுக்குத் தெரியாதா? முதலாளி ஆன பிறகும் அது நினைவில் இருக்க வேண்டும். சட்டமும் ஊழியர் பக்கம்தான் நிற்கிறது. நீதித் துறையின் குடியேறிகள், ஊழியர் உரிமைப் பிரிவு இந்தப் புகார்களைத்தான் விசாரிக்கிறது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். புதிதாக நாட்டுக்கு வந்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவரை, எண் வரும்வரை வேலை செய்ய விடலாம். தாமதத்துக்கான காரணத்தை ஐ-9-ல் குறித்து வைத்து, எண் வந்த பிறகு கேஸ் திறக்கலாம். அடுத்து, அனுமதி முடியும் தேதி வரும்போது செய்யும் மறுசரிபார்ப்பு ஐ-9 படிவத்தில் மட்டும்தான். இ-வெரிஃபையில் இரண்டாவது கேஸ் திறக்கக் கூடாது. எச்-4 இஏடி (எச்-1பி விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான வேலை அனுமதி) போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு இது இப்போது கூடுதல் கவலை. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் பெரும்பாலான புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு முன்பு இருந்த தானியங்கி நீட்டிப்பு கிடையாது. ஆறு மாதம் முன்பே நினைவூட்டி, விண்ணப்பிக்கச் சொல்வது முதலாளி செய்யக்கூடிய நல்ல காரியம்.

யாருக்கு எது

ஐடி கம்பெனி நடத்தி, பல்கலைக்கழகம் முடித்த மாணவர்களை எடுப்பவருக்கு முடிவு எளிது. முதல் 12 மாத ஓபிடிக்கு இ-வெரிஃபை தேவையில்லை. 2016 மே மாதத்தில் இருந்து நடைமுறையில் உள்ள 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு, முதலாளி அதில் இருந்தாக வேண்டும்; மாணவர் தன் விண்ணப்பத்தில் கம்பெனியின் இ-வெரிஃபை எண்ணை எழுத வேண்டும். நீட்டிப்பு நாள் நெருங்கும்போது பதியலாம் என்று விட்டுவைத்தால் அந்தப் பையனோ பெண்ணோ தவித்துப் போவார்கள். வேலைக்கு எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள், நீங்களே நேரடியாக. ஏஜென்ட் வழியாகப் பதிந்திருந்தால் மாணவர் எழுத வேண்டியது உங்கள் கம்பெனிக்கான வாடிக்கையாளர் எண். ஏஜென்டின் எண் இல்லை. எச்-1பி ஆட்களை மட்டும் எடுப்பதற்கு இ-வெரிஃபை கட்டாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு விதி இல்லை.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஆறேழு பேரோடு உணவகமோ மளிகையோ நடத்துபவர் சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த நேரத்தை ஐ-9 கோப்புகளைச் சரிபார்க்கக் கொடுங்கள். விட்டுப்போன கையெழுத்து, தப்பான தேதி, காலாவதியான ஆவணம் இருந்தால், பழைய தேதி போட்டு மறைக்காமல், இன்றைய தேதியோடு திருத்தி முதலெழுத்திட்டு வையுங்கள். ஆவணங்களின் நகலை எடுத்து வைப்பதென்றால் எல்லோருக்கும் எடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் எடுத்தால் அதுவே பாகுபாடு ஆகிவிடும்.

ஜார்ஜியாவில் ஒன்பது பேர், ஃபுளோரிடாவில் இருபது பேர் என்று எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்து வளர்ந்துகொண்டிருப்பவர் இப்போதே சேர்ந்துவிடுவது மேல். பதினோராவது ஆளைச் சேர்க்கும் வாரத்தில் பதிவு, பாடம், சுவரொட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முயன்றால் மூன்று நாள் கெடு தவறும். எல்லையைத் தாண்டாமல் இருக்கவே ஆளைக் குறைத்து, இருப்பவர்களை அதிக நேரம் வேலை வாங்குவதைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அது யாருக்கும் நல்லதல்ல.

கலிஃபோர்னியா, இல்லினாயில் இருப்பவர்கள் ஸ்டெம் ஓபிடியோ வெளியூர் ஆட்களோ இல்லாமல் சேராதீர்கள். அங்கே கூடுதல் விதிகளும் அபராதங்களும் முதலாளி பக்கம்தான். சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், கேஸ் திறக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுத்து அவரை மட்டும் பயிற்சி எடுக்க வையுங்கள்.

கட்டாயம் இல்லாமல் சேர்ந்தவர் பிறகு வேண்டாம் என்று நினைத்தால் 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து வெளியே வரலாம். வந்த பிறகு வீடியோவில் ஆவணம் பார்க்கும் சலுகை போய்விடும், ஸ்டெம் ஓபிடியில் இருக்கும் ஊழியரின் அனுமதியும் ஆட்டம் காணும். அப்படி ஒருவராவது உங்களிடம் இருக்கும் வரை வெளியேறாதீர்கள். அதுவரை திறந்த கேஸ்களின் விவரத்தையும் அந்தந்த ஐ-9 படிவத்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.